கீழக்கரை தந்த கவிஞர் இன்குலாப்

கீழக்கரை என்றதும் நம் நெஞ்சில் எழும் பெயர்கள் சில உண்டு. உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி, அவர்தம் காலத்து ஞானச் சுடர் சதக்கத்துல்லா அப்பா, பின்னாளில் அங்கு வாழ்ந்து அரபுத் தமிழை வளப்படுத்திய மாப்பிள்ளை லெப்பை ஆலிம் ஆகியோரை அறியாத தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் குறைவு. அதே ஊரில் 1944ஆம் ஆண்டில் சித்த மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் சாகுல் ஹமீது. கவிஞராகவும் நாடக ஆசிரியராகவும் 'இன்குலாப்' என்னும் புனைபெயரில் தமிழகமெங்கும் அறியப்பட்டவர். ஆயினும் நம்மவர் எழுதும் இலக்கிய வரலாறுகளில் அவர் பெயர் தயக்கத்துடனேயே இடம்பெறுகிறது. பல வேளைகளில் இடம்பெறுவதே இல்லை.

காரணம் வெளிப்படை. அவர் பொதுவுடைமைக் கொள்கையைத் தழுவினார். சமய நம்பிக்கையினின்று விலகினார். அதனை மறைக்கவும் இல்லை. அவர் பெயருக்கு முன் 'மர்ஹூம்' என்று எழுதலாமா என அன்பர் ஒருவர் என்னிடம் வினவியதுண்டு. மர்ஹூம் என்பதற்கு 'அருள் செய்யப்பட்டவர்' என்பது பொருள். அவ்வருள் எவர்க்கு உரியது என்பதை அருளாளனே அறிவான். ஓர் அரபி ஆசிரியன் அதனைப் பங்கிட்டுத் தர இயலாது. வரலாறு எழுதுவோனின் கடமை வேறு. இன்னார் பிறந்தார், இன்னது செய்தார் என்று உள்ளதை உள்ளவாறு பதிவு செய்வதே அவன் வேலை. அவ்வேலையில் நாம் இவரளவில் பிற்பட்டு விட்டோம் என்றே கருதுகிறேன்.

கீழக்கரையில் தொடக்கக் கல்வி பெற்ற சாகுல் ஹமீது, சிவகங்கை மன்னர் துரைச்சிங்கம் கல்லூரியில் புகுமுக வகுப்புப் பயின்று, பின்னர் மதுரைத் தியாகராசர் கல்லூரியில் தமிழ் இலக்கியம் கற்றார். அக்காலத்துத் தியாகராசர் கல்லூரி புதுக்கவிதையின் நாற்றங்கால் போன்றது. நா. காமராசன் போன்றோர் அங்கிருந்து புறப்பட்டவர்களே. 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போரில் மாணவராகக் கலந்து கொண்டார். பின்னர்த் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1951இல் நிறுவிய சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். கடவுள் மறுப்பாளரான ஒரு கவிஞருக்கு முஸ்லிம் சமுதாயம் நடத்தும் கல்லூரியே நெடுங்காலம் வகுப்பறை தந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அது நம் சமுதாயத்திற்குப் பெருமை தரும் செய்தி.

அவர் சூடிக்கொண்ட பெயரைப் பற்றி ஒரு சொல். 'இன்கிலாப்' என்பது அரபிச் சொல். காஃப், லாம், பா என்னும் மூன்றெழுத்து வேரினின்று பிறந்தது. புரளுதல், திரும்புதல் என்பன அவ்வேரின் பொருள். நெஞ்சத்தைக் குறிக்கும் 'கல்பு' என்னும் சொல்லும் அவ்வேரினதே. ஓயாது புரள்வதால் நெஞ்சுக்கு அப்பெயர் வந்தது என்பர் மொழியறிஞர். இன்றைய அரபியில் இன்கிலாப் என்றால் ஆட்சியைப் படைபலத்தால் கவிழ்த்தல் என்றே பொருள்படும். பாரசீகமும் உருதுவும் அச்சொல்லுக்குப் புரட்சி என்னும் பொருளைத் தந்தன. 'இன்குலாப் ஜிந்தாபாத்' என்ற முழக்கத்தை 1921ஆம் ஆண்டில் யாத்தவர் மௌலானா ஹஸ்ரத் மோஹானி என்பது பலரும் அறிந்ததே. கஜல் பாடல்களில் புகழ்பெற்ற அம்மௌலானா ஹஜ்ஜும் செய்தார். 1925இல் கான்பூரில் கூடிய பொதுவுடைமையர் மாநாட்டில் வரவேற்புக் குழுத் தலைவராகவும் இருந்தார். அவருக்கு முரணாகத் தோன்றாத இரண்டும் கீழக்கரைக் கவிஞருக்கு முரணாகத் தோன்றின. ஏன் என்று வினவுவோர் 1968ஆம் ஆண்டைத் திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

அவ்வாண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவில், தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். மாண்டோருள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். திராவிட இயக்கப் பற்றாளராக இருந்த இளைஞரை இடதுசாரிப் பாதைக்குத் திருப்பியது அத்தீயே. அதன் பின் வெளிவந்த தொகுதிகளில் 'வெள்ளை இருட்டு', 'சூரியனைச் சுமப்பவர்கள்' ஆகியன குறிப்பிடத்தக்கவை.

எனினும் நூல்களைக் கையில் எடுக்காதோரிடமும் அவரைக் கொண்டு சேர்த்தது 'மனுசங்கடா' என்னும் பாடலே. முனைவர் கே. ஏ. குணசேகரனின் குரலில் அப்பாடல் ஊர் ஊராகச் சென்றது. தலைப்பாக நிற்கும் அவ்வொரு சொல்லையே இலக்கணக் கண்ணோடு பாருங்கள். 'மனிதர்கள்' என்று எழுதத் தெரியாத புலவர் அல்லர் அவர். சேரியின் பேச்சு மொழியை அப்படியே வைத்துக்கொண்டு, ஈற்றில் 'டா' என்னும் விளியைச் சேர்த்தார். அவ்விளி காலங்காலமாக மேலிருப்போர் கீழிருப்போரை நோக்கி எறிந்தது. இங்கே அது கீழிருந்து மேல்நோக்கித் திரும்புகிறது. நான் மேலே சொன்ன புரளுதல் என்னும் வேர்ப்பொருளுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குக் கிட்டவில்லை.

இனி அவர் நாடகங்கள். கூத்தும் நாடகமும் நமக்கு ஆகாதவை என்று பேசுவோர் நம்மிடையே உளர். அவர்கள் அலிபாதுஷா நாடகம், அப்பாசு நாடகம் என்னும் பழைய நூல்கள் நம் முன்னோரிடையே வழங்கியதை நினைவில் கொள்வார்களாக. இன்குலாபின் நாடகங்களுள் 'ஔவை', 'மணிமேகலை', 'குறிஞ்சிப்பாட்டு' என்பன பழந்தமிழைப் புதிய கண்கொண்டு பார்த்தவை. அவற்றுள் தலையாயது ஔவை. நாடக நெறியாளர் அ. மங்கை அதனை மேடையேற்றினார்.

நாம் பள்ளியில் அறிந்த ஔவை, நரைத்த தலையும் ஊன்றுகோலும் உடைய அறிவுரைக் கிழவி. 1953இல் வெளிவந்த 'ஔவையார்' திரைப்படம் அவ்வுருவை வீடுதோறும் நிலைநிறுத்தியது. சங்க நூல்களில் வரும் ஔவையோ வேறொருவர். 59 பாடல்களைப் பாடிய பெரும்புலவர். பாணர் கூட்டத்தோடு வழிநடந்தவர். அதியமானோடு ஒரே அவையில் உண்டு மகிழ்ந்தவர். தொண்டைமானிடம் தூது சென்று, அவன் படைக்கலக் கொட்டிலை நகைமொழியால் நாணச் செய்தவர். அறிவும் இளமையும் உடைய ஒரு பெண்ணை நாடு பின்னாளில் ஏன் கிழவியாக்கிக் கொண்டது என்பதே நாடகம் எழுப்பும் வினா. அக்காட்சிகளில் வரும் கள்ளும் களிப்பும் என்னைப் போன்றோர்க்கு உவப்பானவை அல்ல. ஆயினும் சங்கப் பாடலில் உள்ளதைத்தான் அவர் எடுத்தாண்டார். நான் வாழும் இந்த அட்டுவம்பட்டியில், 1984இல் தோன்றிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் உள்ளது. அதன் வாயிலில் புத்தகச் சுமையோடு செல்லும் பெண்மக்களைக் காணும்போதெல்லாம், இவர்களுக்கு நாம் எந்த ஔவையைக் காட்டி வளர்த்தோம் என்னும் எண்ணம் எழுகிறது.

அவர் கொள்கையில் எனக்குள்ள மாறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். அசர்பைஜான் நாட்டின் நக்சிவானில் 1882இல் பிறந்த ஹுசைன் ஜாவித் என்பாரும் கவிஞர், நாடக ஆசிரியர்; தப்ரீஸ் நகரத்து மத்ரசாவில் ஓதியவர். அத்தார் சொன்ன ஷைகு ஸன்ஆன் கதையை நாடகமாக்கினார். 1918இல் 'இப்லீஸ்' என்னும் நாடகம் எழுதினார். புரட்சியின் பெயரால் அமைந்த சோவியத் ஆட்சி 1937இல் அவரைச் சிறைப்பிடித்தது. 1941இல் சைபீரியாவில் மாண்டார். அவர் குற்றமற்றவர் என்று 1956இல் அறிவித்தனர். எச்சங்கள் 1982இல்தான் பிறந்த ஊர் வந்து சேர்ந்தன. இன்குலாப் கனவு கண்ட புரட்சி அரியணை ஏறியபோது இன்னொரு முஸ்லிம் கவிஞருக்குச் செய்தது இது. அரியணையில் அமர்ந்த எதனையும் பாடாதவர் இன்குலாப் என்பதையும் உடன் சொல்வதே நீதி. இராசராச சோழனின் பெருமையைக் கேள்விக்குள்ளாக்கி அவர் எழுதிய கவிதை கடும் எதிர்ப்பைப் பெற்றது. தமிழக அரசு 2006இல் அளித்த கலைமாமணி விருதை, ஈழத் தமிழர் துயரை முன்னிட்டு 2009இல் திருப்பி அளித்தார்.

2016 டிசம்பர் முதல் நாள் அவர் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. உடற்கொடை பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளன. அவற்றை இங்கு விரிக்கவில்லை. செத்தும் கொடுத்தவர் என்று நாம் ஒரு கீழக்கரை வள்ளலைப் போற்றுகிறோம். அச்செய்தியைக் கேட்ட அன்று எனக்கு அவர் நினைவே வந்தது. மறு ஆண்டு டிசம்பரில், 'காந்தள் நாட்கள்' என்னும் அவர்தம் கவிதை நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டது. குடும்பத்தார் அதனை ஏற்க மறுத்துவிட்டனர்.