எதிர்பார்த்த திசையும் வந்த திசையும்

சிம்பாங் என்றால் மலாய் மொழியில் சந்தி. ஜொகூர் பாரு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையினின்று ரெங்கம் ஊருக்கு வழி பிரியுமிடமே சிம்பாங் ரெங்கம். 1942 ஜனவரிக் கடைசியில் பிரிட்டிஷ் சேனை இவ்வழியே பின்வாங்கிற்று. 31ஆம் தேதி ஜொகூர்ப் பாலத்தைத் தகர்த்துவிட்டுச் சிங்கப்பூருக்குள் ஒடுங்கிற்று.

பகைவன் தீவின் எப்பக்கத்தில் இறங்குவான்? வடமேற்கில் என்றார் மேலதிகாரி வேவல். தளபதி பெர்சிவலோ வடகிழக்கென்றே நம்பி, வலுத்த படையை அங்கு நிறுத்தினார். அந்நம்பிக்கைக்கு இரை போடுவார்போல் ஜப்பானியர் பிப்ரவரி 7ஆம் தேதி இரவு கிழக்கேயுள்ள உபின் தீவில் சிறு படையொன்றை இறக்கினர். வடமேற்கே பகைவர் திரள்வதை நீரிணை கடந்து வேவு பார்த்த ஆஸ்திரேலியர் கூறினர். மறுநாள் அங்கே குண்டுமாரியும் பொழிந்தது. தளபதியின் கணக்கோ மாறவில்லை. அன்றிரவே ஜப்பானியர் வடமேற்கில் கரையேறினர்.

பெர்சிவல் குருடரா? அல்லர். 1999இல் சைமன்ஸ், சாப்ரிஸ் என்னும் அமெரிக்க உளநூலார் இருவர், பந்து கைமாறுவதை எண்ணுமாறு பணித்து ஒரு படம் காட்டினர். கொரில்லா வேடமிட்ட ஆள் நடுவே வந்து மார்பில் தட்டிக்கொண்டு போனதை ஏறக்குறையப் பாதிப்பேர் காணவேயில்லை! எண்ணத்தில் இல்லாத பொருள் கண்ணெதிரே நின்றும் பயனென்ன?

இப்பிழை ஒன்றே சிங்கப்பூரை வீழ்த்திற்று என்போமல்லோம்; டாங்கியும் விமானமும் இல்லாக் குறை பெரிது. 15ஆம் தேதி பெர்சிவல் சரணடைந்தார்; போர் முடிந்ததும் விடுதலையாகித் தாய்நாடு திரும்பினார். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட நம் தமிழருள் பல்லாயிரவர் திரும்பவேயில்லை.