பழம் என்று யாரும் சொல்லாத பழம்

கோயமுத்தூரை வாழ வைத்தது ஒரு பழம் என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். மாம்பழமா, வாழைப்பழமா என்று கேட்கிறார்கள். இரண்டும் அல்ல, பருத்தி.

பூவின் சூலகம் கருவுற்று முதிர்ந்தால் அது கனி. இது தாவர நூலார் வகுத்த இலக்கணம். நாக்குக்கு இதில் வேலை இல்லை. 1788இல் ஜெர்மானியரான கேர்ட்னர், பழங்களையும் விதைகளையும் அறுத்து ஆராய்ந்து எழுதிய பெருநூலின் முதற் பாகத்தை வெளியிட்டார். கனியைச் சுவையால் அல்ல, அமைப்பால் அறியும் முறைக்கு அது நல்ல அஸ்திவாரம். சூலகத்தின் சுவர் முழுதும் சதையானால் தக்காளி. உட்சுவர் மட்டும் ஓடாக இறுகினால் மாம்பழம். சுவரெல்லாம் உலர்ந்து பிளந்தால் வெடிகனி. பருத்தி இந்தக் கடைசி ஜாதி. உள்ளே மூன்று முதல் ஐந்து அறைகள். வெடித்ததும் பஞ்சு வெளியே பிதுங்கும்.

சரியாக நூறு வருஷம் கழித்து, 1888இல், ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை இங்கே நூல் ஆலை தொடங்கினார். கரிசல் காட்டில் விதைத்தோலின் மேல் முளைத்த மயிர் நூலாயிற்று, ஊர் நகரமாயிற்று.

நம் குடியானவர் அதைப் பழம் என்று சொன்னதில்லை, பருத்திக்காய் என்றார். கனிந்து இனிக்காததைக் காய் என்றதில் தப்பில்லை. அவர் பார்த்தது பக்குவத்தை. நூலார் பார்த்தது பிறப்பை.

இரண்டு கணக்கிலும் சேராதது ஒன்று உண்டு. காய்ந்த ஓட்டின் முனை குத்தக் குத்தப் பஞ்செடுத்த பெண்களின் விரல்கள். தாவர நூலில் அவற்றுக்கு இடமில்லை. ஊரின் சரித்திரத்திலாவது இருக்க வேண்டாமா?