1,500 கடிதங்கள்: தனியா இருந்த நர்ஸ்கள் ஒண்ணு சேர்ந்த கதை

வேலையில ஒரு மோசமான நாள் வந்தா, அதே வேலை பார்க்கிற இன்னொருத்தர்கிட்ட சொன்னாத்தான் மனசு ஆறும். வீட்டுல சொன்னா பாதி புரியாது. இன்னைக்கு நாம பேசப்போறது, அப்படிச் சொல்லிக்க ஆளே கிடைக்காம இருந்த நர்ஸ்களைப் பத்தி.

1897, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா. அங்கே பெண்கள் மருத்துவமனையோட நர்ஸிங் பள்ளியில ஒரு பேட்ச் படிப்பை முடிக்குது. அதுல ஒரே ஒரு கறுப்பினப் பெண். பேரு மார்த்தா மினெர்வா ஃபிராங்க்ளின்.

அந்தக் காலத்துல பயிற்சி முடிச்ச நர்ஸ்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஆஸ்பத்திரியில வேலை கிடையாது. நோயாளி வீட்டுக்குப் போய், அங்கேயே தங்கிப் பார்த்துக்கணும். கூட ஒரு சக நர்ஸ் இருக்க மாட்டாங்க. அதிலும் கறுப்பின நர்ஸ்னா கூலி விஷயத்துலயும் மரியாதை விஷயத்துலயும் பாகுபாடு. நர்ஸ்களுக்குத் தேசிய அளவுல ஒரு சங்கம் இருந்தது உண்மைதான். ஆனா மாநிலச் சங்கம் வழியாத்தான் அதுல சேர முடியும்னு பிற்பாடு விதி வந்தப்போ, தென் மாநிலச் சங்கங்கள் கறுப்பினத்தவங்களைச் சேர்த்துக்கவே இல்லை. அதனால தேசியச் சங்கத்தோட கதவும் அவங்களுக்கு மூடிக்கிச்சு.

தனக்கு நடக்கிறது மத்தவங்களுக்கும் நடக்குதான்னு ஃபிராங்க்ளினுக்குத் தெரிஞ்சுக்கணும். என்ன பண்ணாங்க தெரியுமா? நாடு முழுக்க இருந்த கறுப்பின நர்ஸ்களுக்குக் கடிதம் எழுத ஆரம்பிச்சாங்க. கையால எழுதி, சொந்தக் காசுல தபால்தலை ஒட்டி, சுமார் 1,500 கடிதங்கள்!

அந்த முயற்சிக்கு நியூயார்க்ல ஒரு துணை கிடைச்சது. லிங்கன் மருத்துவமனையில வேலை பார்த்த அடா தாம்ஸ். இவங்களோட நிலைமையையும் கேளுங்க. 1906ல இருந்து 1923 வரைக்கும் அந்த மருத்துவமனை நர்ஸிங் பள்ளிக்கு 'தற்காலிக' இயக்குநர். பதினேழு வருஷம் தற்காலிகம்! கறுப்பினப் பெண்ணுக்கு நிரந்தரப் பதவி தர அவங்களுக்கு மனசு வரலை.

1908 ஆகஸ்ட்ல, தாம்ஸ் தலைமையில இருந்த முன்னாள் மாணவியர் சங்கத்தோட அழைப்பை ஏத்துக்கிட்டு 52 நர்ஸ்கள் நியூயார்க்ல கூடினாங்க. கறுப்பினப் பட்டதாரி நர்ஸ்களுக்குன்னு ஒரு தேசியச் சங்கம் பிறந்துச்சு. ஃபிராங்க்ளின் முதல் தலைவர். அடுத்த வருஷம் பாஸ்டன்ல நடந்த மாநாட்டுல வரவேற்புரை கொடுத்தவங்க மேரி மஹோனி. அமெரிக்காவுல முறையான நர்ஸிங் பயிற்சி முடிச்ச முதல் கறுப்பினப் பெண்ணா அறியப்படுறவங்க. அவங்க படிப்பை முடிச்சது 1879ல. அதாவது, இப்படி ஒரு கூட்டத்தைப் பார்க்க அவங்களுக்கு முப்பது வருஷம் ஆச்சு.

1928ல சங்கம் தனக்குன்னு ஒரு செய்தி இதழும் ஆரம்பிச்சது. தபால்ல வர்ற அந்தப் பக்கங்கள் மூலமா, நேர்ல பார்த்துக்காதவங்களும் ஒருத்தரையொருத்தர் தெரிஞ்சுக்கிட்டாங்க.

இந்த உறவு ஆறுதலோட நின்னுச்சா? இல்லை. முதல் உலகப்போர்லயே கறுப்பின நர்ஸ்களை ராணுவத்துல சேர்க்கணும்னு தாம்ஸ் போராடினாங்க. போர் முடிஞ்ச பிறகு, 1918 டிசம்பர்லதான் 18 பேரை எடுத்தாங்க. அதுவும் ஃபுளூ காய்ச்சல் கொத்துக்கொத்தா ஆட்களைக் கொன்னுக்கிட்டு இருந்த நேரத்துல.

இரண்டாம் உலகப்போர் வந்துச்சு. இப்போ சங்கத்தோட நிர்வாகச் செயலாளர் பார்படோஸ்ல பிறந்த மேபல் ஸ்டாப்பர்ஸ். 1941ல ராணுவம் சொன்ன கணக்கு: மொத்தமே 56 கறுப்பின நர்ஸ்கள் போதும். கடற்படைக்கு ஒருத்தர்கூட வேண்டாம். பிறகு எண்ணிக்கை கொஞ்சம் கூடினாலும், அவங்கள்ல சிலரை ஜெர்மன் போர்க்கைதிகளுக்குச் சிகிச்சை பார்க்க அனுப்பினாங்க. யோசிச்சுப் பாருங்க. சொந்த நாட்டுச் சிப்பாய்களைத் தொடவிடாம, எதிரி நாட்டுக் கைதிகளைப் பார்த்துக்கச் சொன்னா எப்படி இருக்கும்?

1944 நவம்பர்ல ஸ்டாப்பர்ஸ், அதிபரோட மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டை நேர்ல பார்த்து இதையெல்லாம் சொன்னாங்க. 1945 ஜனவரி 6ம் தேதி, நர்ஸ் பற்றாக்குறையால நர்ஸ்களைக் கட்டாயமா ராணுவத்துல சேர்க்கச் சட்டம் வேணும்னு அதிபர் ரூஸ்வெல்ட் கேட்டார். வேலைக்குத் தயாரா ஆயிரக்கணக்கான கறுப்பின நர்ஸ்கள் வெளியே நிக்கிறப்போ!

ஸ்டாப்பர்ஸ் உடனே ஆதரவாளர்களுக்குத் தகவல் அனுப்பினாங்க. நாடு முழுக்க இருந்து கடிதமும் தந்தியுமா வாஷிங்டன்ல வந்து குவிஞ்சது. இனி நிறம் பார்க்காம நர்ஸ்களை எடுப்போம்னு அதே மாசம் 20ம் தேதி ராணுவம் அறிவிச்சது. சில நாள்ல கடற்படையும் கதவைத் திறந்துச்சு. மார்ச்ல ஃபிலிஸ் மே டெய்லி கடற்படையோட முதல் கறுப்பின நர்ஸா பொறுப்பேத்தாங்க. ஆனாலும் போர் முடியும்போது, ராணுவத்துல இருந்த 50,000 நர்ஸ்கள்ல கறுப்பினத்தவங்க 500 பேர்கூட இல்லை.

1948ல அமெரிக்க நர்ஸ்கள் சங்கம், மாநிலச் சங்கம் தடுத்தாலும் கறுப்பின நர்ஸ்கள் நேரடியா உறுப்பினர் ஆகலாம்னு முடிவெடுத்தது. வந்த வேலை முடிஞ்சதுன்னு, 1951ல ஃபிராங்க்ளின் ஆரம்பிச்ச சங்கம் தன்னையே கலைச்சுக்கிச்சு.

கதை இங்கே சுபமா முடியணும், இல்லையா? ஆனா 1971ல கறுப்பின நர்ஸ்கள் மறுபடியும் தங்களுக்குன்னு ஒரு தேசியச் சங்கம் ஆரம்பிச்சாங்க. பெரிய சங்கத்துல இடம் கிடைச்சாச்சு. ஆனா அந்தக் கூட்டத்துல தங்களோட கஷ்டம் யார் காதுலயும் விழலைன்னு அவங்களுக்குத் தோணுச்சு. உள்ளே சேர்த்துக்கிறது வேற, உள்ளே போன பிறகு நம்ம பேச்சைப் புரிஞ்சுக்க ஆள் இருக்கிறது வேற. ஃபிராங்க்ளின் 1,500 தடவை பேனா எடுத்ததும் இதுக்காகத்தான்.

உங்க வேலையில "எனக்கும் இப்படித்தான்"னு உங்ககிட்ட முதல்ல சொன்னவங்க யாரு? இன்னைக்கு அவங்களுக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.