அட்டை வரும் வரை: திரும்பி வரும் உரிமையின் வரலாறு

கனடாவில் ஒருவர் நிரந்தரக் குடியிருப்பாளர் ஆவது, குடிவரவு அதிகாரி அவரை ஏற்றுக்கொள்ளும் அந்த நாளிலேயே. ஆனால் அதற்கான பி.ஆர். அட்டை பிறகுதான் தபாலில் வரும், அதுவும் கனடா முகவரிக்கு மட்டும். இந்த இடைவெளியில் ஊரில் அம்மா இறந்துபோனால்? போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அடக்கம் முடிந்து சென்னை விமான நிலையத்தில் நிற்கும்போதுதான் சிக்கல். அட்டை இல்லை என்றால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

இதை அலுவலகத் தாமதம் என்று நினைத்துக் கடந்துபோகிறவர்களே அதிகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உரிமையை ஒரு கையால் கொடுத்து, அதற்கான காகிதத்தை இன்னொரு கையில் பிடித்து வைத்துக்கொள்ளும் முறைக்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலான வரலாறு இருக்கிறது. அதன் தொடக்கத்தில் இருப்பது இனவெறி.

1882இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் உள்ளே வருவதைத் தடை செய்து சட்டம் போட்டது. ரயில் பாதை போட்டவர்கள், சுரங்கத்தில் உழைத்தவர்கள், துணி வெளுத்தவர்கள் அவர்கள். ஏற்கெனவே அங்கே வாழ்ந்தவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. ஊருக்குப் போகும்போது துறைமுகத்தில் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் அதைக் காட்டித் திரும்பி வரலாம். 1884இல் செய்த திருத்தம், அந்தச் சான்றிதழ் ஒன்றே செல்லுபடியாகும் ஆதாரம் என்று ஆக்கியது. எத்தனை வருடம் வாழ்ந்தாய், யார் உன்னை அறிவார்கள் என்பதற்கெல்லாம் மதிப்பு இல்லாமல் போனது.

சே சான் பிங் என்ற தொழிலாளி 1875 முதல் சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்தவர். 1887 ஜூனில் முறைப்படி சான்றிதழ் வாங்கிக்கொண்டு சீனாவுக்குப் போனார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஹாங்காங்கில் 'பெல்ஜிக்' என்ற கப்பலில் ஏறினார். அவர் நடுக்கடலில் இருந்தபோது, 1888 அக்டோபர் 1ஆம் தேதி ஸ்காட் சட்டத்தில் கையெழுத்து விழுந்தது. கொடுத்திருந்த சான்றிதழ்கள் அத்தனையும் ஒரே நாளில் செல்லாமல் போயின. அப்போது சான்றிதழோடு வெளிநாட்டில் இருந்தவர்கள் சுமார் 20,000 பேர் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஒரு வாரம் கழித்துக் கப்பல் கரை சேர்ந்தது. சே சான் பிங் இறங்க அனுமதிக்கப்படவில்லை.

அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1889இல் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி ஸ்டீபன் ஃபீல்ட். அந்நியரை விலக்கும் அதிகாரம் அரசின் இறையாண்மையோடு சேர்ந்தது, கொடுத்த அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பு இன்றுவரை ரத்தாகவில்லை.

இந்த இடத்தில் இன்னொரு நீதிபதியையும் நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கறுப்பின மக்களைத் தனி ரயில் பெட்டியில் உட்கார வைக்கலாம் என்ற 1896ஆம் ஆண்டுத் தீர்ப்பை எதிர்த்துத் தனியாக நின்றவர் ஜான் மார்ஷல் ஹார்லன். இந்த நாட்டில் சாதி கிடையாது என்று அதில் எழுதியதற்காக இன்றும் போற்றப்படுகிறார். அதே எதிர்ப்புத் தீர்ப்பில்தான் சீனர்களை அமெரிக்கக் குடிமக்களாக ஏற்க முடியாத அளவுக்கு வேறுபட்ட இனம் என்றும் எழுதினார். ஒரு படிக்கட்டை இடித்துவிட்டு அடுத்த படிக்கட்டைத் தொடாமல் விடுகிறவர்களை நாம் நம் ஊரிலும் நிறையவே பார்த்திருக்கிறோம்.

1892இல் கெய்ரி சட்டம் வந்தது. வெளியே போகாதவர்களும், உள்ளேயே வாழ்கிற சீனத் தொழிலாளர்கள் எல்லோரும், குடியிருப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நாடு கடத்தல். சீனச் சங்கங்கள் யாரும் பதிவு செய்யாதீர்கள் என்று அறைகூவல் விடுத்தன. மிகப் பெரும்பாலானோர் பதிவு செய்யவில்லை. காந்தி தென்னாப்பிரிக்காவில் பதிவுச் சான்றிதழ்களை எரிக்கச் சொன்னது இதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1908இல். நம் பாடநூல்கள் இரண்டாவதை மட்டும் சொல்கின்றன. சீனர்களின் வழக்கு 1893இல் தோற்றது, ஆனாலும் அந்த மறுப்பு நடந்தது.

கனடாவும் இதே வழியில்தான் போனது. 1885இல் சீனர்களுக்குத் தலைவரி 50 டாலர், 1903இல் 500 டாலர். அதைக் கட்டி உள்ளே வந்தவரும் ஊருக்குப் போய்வர வேண்டுமானால் சி.ஐ.9 என்ற புகைப்படம் ஒட்டிய சான்றிதழ் வாங்க வேண்டும். 1923இல் சீனக் குடிவரவே ஏறக்குறைய முழுதாக அடைக்கப்பட்டது, 1947 வரை. தலைவரிக்காகக் கனடா அரசு மன்னிப்புக் கேட்டது 2006இல்.

இப்போதைய பி.ஆர். அட்டை எந்த இனத்தையும் பெயர் சொல்லிக் குறிவைக்கவில்லை. 2002 ஜூன் 28இல் புதிய குடிவரவுச் சட்டத்தோடு அது அறிமுகமானது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்தைய காலம் அது. 2003 டிசம்பர் 31 முதல் விமானம், பேருந்து, ரயில், கப்பல் எதில் திரும்பினாலும் அட்டை கட்டாயம் ஆனது. அந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, நிரந்தரக் குடியிருப்பாளருக்கு நாட்டுக்குள் நுழையும் உரிமை உண்டு என்கிறது. 31ஆம் பிரிவு, வெளிநாட்டில் இருக்கும்போது உரிய ஆவணத்தைக் காட்டாதவரை, மாறாக அதிகாரி தீர்மானிக்காத வரை, அந்தத் தகுதி இல்லாதவராகவே கருதச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

பழங்குடிச் சான்றிதழுக்காக அலைந்த குடும்பங்களோடு வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. பட்டியலில் இடம் தருவது அரசியலமைப்பு ஆணை. காகிதம் வெறும் ஆதாரம்தான். ஆனால் கல்லூரி வாசலில் காகிதம்தான் கேட்கிறார்கள்.

அட்டை இல்லாமல் வெளியே மாட்டிக்கொண்டவருக்குக் கனடாவில் இரண்டு வழிகள். ஒன்று, வெளிநாட்டிலிருந்தே பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பது. இன்னொன்று, அமெரிக்காவுக்குப் பறந்து, பஃபலோ போன்ற ஊரில் காரை வாடகைக்கு எடுத்து, பாலத்தைக் கடந்து எல்லைச் சாவடிக்குப் போவது. சொந்தக் காரோ, இரவல் காரோ, வாடகைக் காரோ, தனியார் வாகனத்தில் வருகிறவர் வேறு ஆவணங்களைக் காட்டித் தன் தகுதியை நிரூபிக்கலாம். அந்தப் பாலத்தையே பேருந்தில் கடந்தால் அட்டை வேண்டும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு இந்தச் சுற்றுவழிக்கு முதலில் அமெரிக்க விசா வேண்டும். காசும் விசாவும் உள்ளவருக்குத் திறந்த கதவு இது. வேலைக்கு லீவு கிடைக்காத, கடன் வாங்கி டிக்கெட் எடுத்த ஆளுக்கு அது இருந்தும் இல்லாதது.

அகதியாகப் போய் நிரந்தரக் குடியிருப்பு பெற்ற ஈழத்தமிழர் நிலை இன்னும் கடினம். 2012 டிசம்பரில் வந்த மாற்றத்தின்படி, தப்பி வந்த நாட்டுக்கே அந்நாட்டுக் கடவுச்சீட்டில் போய்வந்தால் அகதிப் பாதுகாப்பு முடிவுக்கு வரலாம். அதோடு நிரந்தரக் குடியிருப்பும் போகலாம். கையில் அட்டை இருந்தாலும் இதுதான் நிலை. தாயின் சாவுக்குப் போவதா வேண்டாமா என்பதை வக்கீலிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் தவிர்க்க முடியாதா? முடியும் என்பதற்கு, சே சான் பிங்கைத் திருப்பி அனுப்பிய அதே அமெரிக்காவே சாட்சி. இன்று குடியேறும் விசாவில் அங்கே போகிறவரின் கடவுச்சீட்டில் நுழைவு முத்திரை விழுந்ததும், அந்த விசாவே ஓராண்டுக்குப் பச்சை அட்டைக்கு ஈடாகிறது. அட்டை தாமதமானாலும் அதைக் காட்டி விமானம் ஏறலாம். கனடா தன் புதிய குடியிருப்பாளர்களுக்குத் தரும் உறுதிப்படுத்தல் தாளை விமான நிறுவனங்கள் அப்படி ஏற்பதில்லை. ஆவணம் இல்லாதவரை ஏற்றி வந்தால் கனடா அரசு நிறுவனத்திடம் பணம் வசூலிக்கும். அதனால் கவுன்டரில் நிற்கும் ஊழியர் 27ஆம் பிரிவைப் பார்ப்பதில்லை, அட்டையைத்தான் பார்க்கிறார்.