வர்ணமில்லா மேனிக்கு ஒரு வர்ணம்

கோயில் தேரைக் கண்ட குழந்தை சிறுதேர் கேட்டது. நம் புலவர்களும் பிள்ளைத்தமிழில் ஆண்பாற் குழந்தையின் பத்துப் பருவங்களுள் ஒன்றாகச் சிறுதேர் உருட்டலை வைத்தார்கள். பெரிய பொருளைக் கைக்கு அடங்கும் அளவில் வைத்துப் பார்க்கும் ஆசை மனிதனோடு பிறந்தது. சென்ற நூற்றாண்டில் அந்த ஆசை வானத்தை நோக்கித் திரும்பியது. தேரின் இடத்தில் ஆகாய விமானம் வந்து நின்றது. இன்று சிறுவர் மட்டுமல்லர், ஓய்வு பெற்ற பெரியவர்களும் மேசைமேல் பிளாஸ்டிக் துண்டுகளைப் பரப்பி, ஒட்டி, தேய்த்து, வர்ணம் தீட்டிச் சிறு விமானங்கள் செய்கிறார்கள். இக்கலையில் மிகக் கடினமான வேலைகளுள் ஒன்றாக அவர்கள் கருதுவது, வர்ணமே பூசப்படாத ஜெட் விமானத்தின் மாதிரிக்கு வர்ணம் பூசுவதாகும்.

இது விடுகதைபோல் ஒலிக்கலாம். பச்சை விமானத்துக்குப் பச்சை பூசலாம். சாம்பல் நிறத்துக்குச் சாம்பல் நிறம் பூசலாம். வெள்ளிபோல் மின்னும் விமானத்தின் மேனியிலோ பூச்சு எதுவும் இல்லை; நம் கண்ணுக்குத் தெரிவது வெறும் உலோகத் தகடு. பிளாஸ்டிக்கை அந்தத் தகடாகக் காட்ட வேண்டுமானால், பூச்சு இல்லாமையைப் பூச்சினால் உண்டாக்க வேண்டும். அதற்குமுன், அந்த மேனி எவ்வாறு வந்தது, ஏன் மறைந்தது என்பதை நாம் அறிந்துகொள்வது நலம். அதில் ஒரு போர்க்கால வரலாறு அடங்கியிருக்கிறது.

அலுமினியம் இலேசான உலோகம். ஆனால் தூய நிலையில் மென்மையானது. 1906-ஆம் ஆண்டில் ஆல்பிரட் வில்ம் என்ற ஜெர்மானிய அறிஞர், சிறிதளவு செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடேற்றி விரைவில் குளிரச் செய்தால், அது சில நாட்களில் தானே உறுதி பெறுவதைக் கண்டார். டியூரலுமின் என்று பெயர் பெற்ற இந்தக் கலப்பு உலோகம் விமானங்களின் எலும்பும் தோலும் ஆயிற்று. 1919-இல் முதன்முதலாகப் பறந்த யுங்கர்ஸ் எஃப்-13 என்னும் பயணிகள் விமானம் இவ்வுலோகத்தால் ஆனதே. ஆயினும் செம்பு கலந்த காரணத்தால் அது எளிதில் அரிமானத்துக்கு இரையாயிற்று. 1920-களின் பிற்பகுதியில் அமெரிக்கர் இதற்கொரு மாற்றுக் கண்டனர். கலப்புத் தகட்டின் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய படலமாகச் சேர்த்து உருட்டினர். அல்கிளாட் என்பது அத்தகட்டின் பெயர். தூய அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தன்மேல் ஓர் ஆக்சைடுத் திரையைத் தானே போர்த்திக்கொள்ளும். ஆகவே, அத்தகைய தகட்டைக் காக்க வர்ணம் இன்றியமையாததன்று என்னும் நிலை பிறந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தின் தொடக்கத்தில் போர் விமானங்கள் பச்சையும் பழுப்புமாக மறைப்பு வர்ணம் பூண்டிருந்தன. தரையில் நிற்கும்போது பகைவன் கண்ணுக்குப் படாமல் இருப்பதே அதன் முதல் நோக்கம். 1943-இன் இறுதியிலும் 1944-இன் தொடக்கத்திலும் அமெரிக்க இராணுவ விமானப் படை தன் தொழிற்சாலைகளில் அவ்வர்ணம் பூசுவதைப் பெரும்பாலும் கைவிட்டது. பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்றுக்கு வர்ணத்தினால் மட்டும் சில பத்துக் கிலோ எடை கூடும். பூசுவதற்கு ஆளும் நாளும் செலவாகும். வழவழப்பான தகட்டில் காற்றுத் தடையும் சற்றே குறையும். இவை யாவும் முன்பும் உண்மையாகவே இருந்தன. வானில் அமெரிக்கரின் கை ஓங்கிவிட்டதே புதிதாக நேர்ந்த மாறுதல். தன் தளத்தைப் பகைவன் எளிதில் தாக்கமாட்டான் என்ற துணிவு உள்ளவனே தன் விமானத்தை வெயிலில் மின்ன விடுவான். ஆகவே அந்த வெள்ளி மேனியை அச்சம் நீங்கிய காலத்தின் அடையாளம் என்று நாம் கொள்ளலாம்.

ஜெட் யுகம் அந்தத் துணிவோடு பிறந்தது. அமெரிக்காவின் சேபர் விமானமும் சோவியத் நாட்டின் மிக்-15 விமானமும் 1947-ஆம் ஆண்டில் மூன்று மாத இடைவெளியில் முதன்முதலாகப் பறந்தன. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில் இவ்விரண்டும் பெரும்பாலும் வெள்ளி மேனியுடனேயே ஒன்றையொன்று எதிர்த்தன.

நம் நாட்டிலும் அக்காலம் இருந்தது. 1953 முதல் பிரான்சிலிருந்து வந்த தூஃபானி விமானங்களும் அவற்றின்பின் வந்த மிஸ்டேர் விமானங்களும் வெள்ளி நிறத்திலேயே பறந்தன. 1963-ஆம் ஆண்டில் சோவியத் நாட்டின் மிக்-21 வந்தது. ஒலியைப்போல் ஏறத்தாழ இருமடங்கு வேகம் செல்லவல்ல இவ்விமானத்துக்காகச் சண்டிகரில் 28-ஆம் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. முக்கோண இறக்கை, குழல்போன்ற உடல், மூக்கில் கூம்பு, உடல் முழுவதும் உலோகப் பளபளப்பு என்று அது நம் வானில் தோன்றியது.

1965-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் பதான்கோட் விமானத் தளத்தைப் பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் தாக்கின. தரையில் நின்ற நம் விமானங்கள் பல அழிந்தன. அவற்றுள் இரண்டு மிக்-21 விமானங்கள். எல்லைக்கு அருகே தரையில் நிற்கும் விமானத்துக்கு மின்னும் மேனி ஆபத்து என்பதில் ஐயத்துக்கு இடமில்லாமற் போயிற்று. அப்போரின்போதும் அதன் பின்னரும் நம் வெள்ளி விமானங்கள் மறைப்பு வர்ணம் ஏற்கத் தொடங்கின. 1971 யுத்தத்தில் பல மிக்-21 விமானங்கள் அவசரமாகப் பூசப்பட்ட பச்சை, பழுப்பு வர்ணங்களுடன் பறந்தன. அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் நாள் டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கியவையும் மிக்-21 விமானங்களே. ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குள் அச்சமின்மையும், அடியும், எச்சரிக்கையும் அந்த ஒரே விமானத்தின் மேனியில் எழுதப்பட்டுவிட்டன.

இனி மேசைமேல் உள்ள சிறு விமானத்துக்கு வருவோம். உலகெங்கும் வழங்கும் மாதிரி அளவுகளுள் ஒன்று, எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஆறடி உயர மனிதன் இவ்வளவில் ஓர் அங்குலம் ஆவான். 1942-இல் அமெரிக்கக் கடற்படை, விமானங்களை இனங்காணப் பயிற்சி தருவதற்காக, பள்ளி மாணவர்களைக் கொண்டு இதே அளவில் மரத்தாலான மாதிரிகளைப் பெருந்தொகையாகச் செய்வித்தது. வானத்தின் ஒளியில் விமானம் நிழலுருவாகத் தெரிவதால் அவற்றுக்குக் கறுப்பு வர்ணமே போதுமானதாயிற்று. யுத்தத்திற்குப் பின் பிளாஸ்டிக் மாதிரிகள் கடைக்கு வந்தன. வெள்ளி விமானங்களைக் காட்ட, பிளாஸ்டிக்கிலேயே வெள்ளிப் பொடியைக் கலந்து வார்த்தார்கள். உருகிய பிளாஸ்டிக் அச்சில் ஓடிய சுவடு, குழைந்த சந்தனத்தின் சுழிபோல் இறக்கைமேல் அப்படியே தெரிந்தது. அடுத்துச் சிறு டப்பிகளில் வெள்ளி எனாமல் வந்தது. அதுவும் மனநிறைவு தரவில்லை.

காரணத்தை ஆராய்வோம். வீட்டு இரும்புக் கதவுக்குப் பூசும் சில்வர் பெயிண்டு என்பது, வார்னிஷில் மிதக்கும் அலுமினியச் செதில்களே. தூரிகையால் பூசும்போது அச்செதில்கள் பல திசைகளில் சாய்ந்து நிற்கின்றன. ஒளி நாலாபுறமும் சிதறுகிறது. கண் அதைச் சாம்பல் நிறம் என்றே கொள்கிறது. அளவும் இடர் செய்கிறது. 0.03 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு செதில், எழுபத்திரண்டு மடங்காகப் பெருக்கினால் 2 மில்லிமீட்டருக்கு மேல் ஆகும். உண்மை விமானத்தின்மேல் அத்தனை பெரிய மினுக்குப் பொட்டுகளை அள்ளித் தூவினாற்போலச் சிறு விமானம் தோன்றும். பொருளைச் சிறிதாக்கலாம், அதன் ஒளியை அப்படியே சுருக்க இயலாது. சொல்லுக்குச் சொல் வைத்த மொழிபெயர்ப்பில் பொருள் நழுவுவதுபோல், வெள்ளிக்கு வெள்ளி பூசிய மாதிரியில் உலோகம் நழுவிவிடுகிறது.

இதற்குக் கலைஞர்கள் கண்ட வழிகள் பல. சிலர் வர்ணத்தை விட்டு உலோகத்தையே நாடினர். சமையலறை அலுமினியத் தாளைப் பசைகொண்டு ஒட்டி, மென்மையான குச்சியால் அழுத்தித் தேய்த்து, தகட்டுக்குத் தகடு போர்த்தினர். இதில் ஒரு பொருத்தம் உண்டு. அந்தத் தாள் 0.016 மில்லிமீட்டர் கனம் உடையதாயின், எழுபத்திரண்டு மடங்கில் 1 மில்லிமீட்டரைச் சற்றே கடக்கும். அது விமானத் தோலுக்கு ஏற்ற கனமே. ஆனால் வளைவான மூக்கிலும் இறக்கை இணையும் மூலையிலும் தாள் சுருங்கும். பொறுமை குறைந்தால் வேலை கெடும். வேறு சிலர் உலோகப் பொடி கலந்த மெழுகைத் தேய்த்து மெருகேற்றினர்.

இன்று பெரிதும் கையாளப்படும் முறை கறுப்பிலிருந்து தொடங்குகிறது. முதலில் இணைப்புகளில் பட்டி வைத்து, நீர் தொட்டு, மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். பிறகு பளபளக்கும் கறுப்பு வர்ணத்தை அடிப்பூச்சாக இட்டு நன்றாக உலரவிடுகிறார்கள். அதன்மேல், மிக நுண்ணிய செதில்கள் கொண்ட லாக்கரை ஏர்பிரஷ் எனப்படும் காற்றுத் தூரிகையால் பனிபோல் மெல்லியதாகத் தூவுகிறார்கள். வழவழப்பான தரையில் செதில்கள் படுத்துக்கொள்கின்றன. கண்ணாடிபோல் ஒரே திசையில் ஒளியைத் திருப்புகின்றன. செதில்களின் இடுக்கில் நுழையும் ஒளியைக் கறுப்பு விழுங்கிவிடுவதால், பளபளப்புக்கு ஆழம் பிறக்கிறது. இவ்வாறு பயன்படும் லாக்கர்களுள் ஒன்று, நாம் முன்னர் கண்ட விமானத் தகட்டின் அல்கிளாட் என்னும் பெயரையே தாங்கி விற்பனையாவது பொருத்தமே.

நம் ஊர்களில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர், பூசும் நேரத்தைவிடத் துலக்கும் நேரத்தையே அதிகம் எடுத்துக்கொள்வார். அடி சுத்தமாக இல்லாவிட்டால் ஈயம் பிடிக்காது என்பது அவர் அறிந்த பாடம். மாதிரி விமானத்திலும் அதுவே விதி. சாதாரண வர்ணம் குறையை மறைக்கும். உலோகப் பூச்சு குறையைக் காட்டிக்கொடுக்கும். ஒரு கைரேகை, ஒரு தூசி, தேய்ப்பில் விட்ட ஒரு கீறல் யாவும் அதில் தெரியும்.

ஒரே வெள்ளி போதாது என்பதும் அறியத்தக்கது. உண்மை விமானத்தின் தகடுகள் கலவையிலும் உருட்டிய திசையிலும் வேறுபடுவதால், அடுத்தடுத்த தகடுகள் வெவ்வேறு சாயல் காட்டும். எஞ்சினைச் சூழ்ந்த பின்புறம் வெப்பம் தாங்கும் உலோகத்தால் ஆனது, அது கருத்திருக்கும். அமெரிக்காவின் எஃப்-100 விமானத்தின் வாற்பகுதியில் வெப்பத்தால் நீலமும் பழுப்பும் படர்ந்திருந்ததைப் படங்களில் காணலாம். வெள்ளியாகத் தெரிவன எல்லாம் வெற்றுத் தகடும் அல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் புகழ்பெற்ற மஸ்டாங் விமானத்தின் உடல் வெற்றுத் தகடாக இருக்க, இறக்கையில் மட்டும் இணைப்புகளுக்குப் பட்டி வைத்து வெள்ளி வர்ணம் பூசியிருந்தனர். நம் மிக்-21-இன் மூக்குக் கூம்போ ரேடாரை மூடும் உறை. அது உலோகமே அன்று, பச்சை நிறம் கொண்டது. ஆகவே, மாதிரி செய்பவர் தூரிகையை எடுக்குமுன் நிழற்படங்களை நாட்கணக்கில் ஆராய வேண்டியிருக்கிறது. எந்த ஆண்டு, எந்தத் தளம், எந்தப் படைப்பிரிவு என்று கேட்டு விடை கண்ட பின்னரே அவர் வர்ணத்தைத் தேர்கிறார்.

இந்தக் கேள்விகள் இன்று முன்னினும் முக்கியம் ஆகிவிட்டன. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் மிக்-21 நம் விமானப் படையிலிருந்து சண்டிகரில் விடைபெற்றது. எந்த ஊரில் அதன் இந்திய வாழ்வு தொடங்கியதோ, அதே ஊரில் அறுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் முடிந்தது. இனி அதை நாம் தரையில்தான் காண முடியும். தில்லியில் பாலம் விமானப் படை அருங்காட்சியகத்துக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் குழந்தைகளுக்குப் பழைய போர் விமானங்களைக் காட்டலாம். நாட்டின் பல நகரங்களில் நாற்சந்திகளிலும் பூங்காக்களிலும் பழைய விமானங்கள் நினைவுச் சின்னங்களாக நிற்கின்றன. வெயிலிலும் மழையிலும் நிற்கும் அவற்றைக் காக்க அவ்வப்போது வர்ணம் பூசத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு பூச்சிலும் பழைய மேனியின் சாட்சியம் சிறிது மறைகிறது. வெள்ளி வர்ணம் பூசி நிற்கும் விமானத்தைப் பார்க்கும் குழந்தை, 1963-இன் உலோகத்தைக் காண்பதில்லை.

மேசைமேல் நிற்கும் சிறு விமானம் இங்கேதான் பயன்படுகிறது. மிக்-21-இன் இறக்கைகள் முனைக்கு முனை 7.15 மீட்டர், எழுபத்திரண்டில் ஒரு பங்கில் அது 10 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. அந்த உள்ளங்கை அகலத்துக்குள் ஒரு வரலாற்று ஆவணம் அடங்கும். அதே அச்சில் வார்த்த இரண்டு மாதிரிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒன்று 1963-இன் வெள்ளி மேனி; மற்றொன்று 1971-இன் அவசரப் பச்சை. இடையில் பதான்கோட்டின் புகை இருக்கிறது. பார்ப்பவருக்கு அதை எடுத்துச் சொல்ல ஒருவர் அருகில் இருந்தால், பாடநூலின் பல பக்கங்களை அந்த இரண்டு பொம்மைகளே கற்பித்துவிடும்.

வடக்கிலோ மேற்கிலோ வாழும் நம்மவர் வீடுகளில் இவ்வேலையில் நாட்டமுள்ள பிள்ளைகள் இருப்பார்கள். லாக்கரின் ஆவி உடலுக்கு ஆகாது என்பதால், காற்றோட்டமான இடத்தில், தக்க முகமூடியுடன், பெரியவர் துணையோடு அவர்கள் அதைச் செய்யவேண்டும். அந்த எச்சரிக்கையோடு நாம் அவர்களை ஊக்குவிப்போம். விமானம் பளபளக்கிறதா என்று மட்டும் கேட்டு விட்டுவிடாமல், எந்த ஆண்டின் விமானம் இது என்றும் கேட்போம். அந்த இரண்டாவது கேள்விக்குப் பிள்ளை விடை தேடத் தொடங்கினால், விளையாட்டு வரலாறாகிவிடும்.