இசைக்கு ஏற்ற மடிக்கணினி: லினக்ஸ் கடந்து வந்த பாதை

ஓசை ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 செ.மீ. போகும். கிருமாம்பாக்கத்தில் ஒரு திருவிழாக் கச்சேரி என்று வைத்துக்கொள்வோம். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் மூன்றரை மீட்டர் இடைவெளி இருந்தால் தாமதம் 10 மில்லி விநாடி. கலைஞர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதுவே 50 ஆனால் தாளம் தடுமாறும். வாசித்துக்கொண்டே கணினி வழியாகக் கேட்பவருக்கும் இதே கணக்குதான்.

கணினி ஓசையை விநாடிக்கு 48,000 துணுக்குகளாகக் கையாளுகிறது என்றால், 128 துணுக்குகள் கொண்ட ஒரு கட்டுக்குக் கிடைப்பது 2.7 மில்லி விநாடி மட்டுமே. அதற்குள் வேலை முடியாவிட்டால் 'டப்' என்று ஒரு வெட்டு விழும். இதற்கு 'எக்ஸ்ரன்' என்று பெயர்.

லினக்ஸ் இதற்காகப் பிறந்தது அல்ல. 1990களின் இறுதியில் ஹங்கேரியின் இங்கோ மோல்னார் கெர்னலின் தாமதத்தைக் குறைக்கும் ஒட்டுகளை எழுதினார். பால் டேவிஸ் 'ஆர்டர்' என்ற ஒலிப்பதிவு மென்பொருளையும், அதற்குத் துணையாக 'ஜாக்' என்ற ஒலி இணைப்பு அமைப்பையும் உருவாக்கினார். 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் 'ஆல்சா' ஒலி அமைப்பு சேர்ந்தே வந்தது. ஆனால் நிகழ்நேர ஒட்டுகள் முழுமையாக உள்ளே வர இருபது ஆண்டுகள் ஆயின. 2024 நவம்பரில் வெளியான 6.12 கெர்னலில்தான் அது நிறைவேறியது.

மென்பொருள் திருந்தியது, சரி. மடிக்கணினி? மேசைக் கணினியில் ஒலி அட்டை சரியில்லை என்றால் கழற்றி மாற்றலாம். மடிக்கணினியில் அது முடியாது. ஃபயர்வயர் காலத்தில் இசைக்காரர்கள் உள்ளே டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் சில்லு இருக்கிறதா என்று தேடிப் பார்த்து வாங்கினார்கள். இன்னொரு தொல்லை பயாஸ். வெப்பம், மின்கலம் போன்றவற்றைக் கவனிக்க அது செயலியைச் சில நொடித்துளிகள் பறித்துக்கொள்ளும். லினக்ஸால் தடுக்க முடியாது. மின்சாரம் சேமிக்கச் செயலி வேகத்தைக் குறைப்பதும், வைஃபையும் கூட வெட்டுகளை உண்டாக்கும். ஆகவே விலை உயர்ந்த செயலி மட்டும் போதாது.

கிருமாம்பாக்கத்துக்குத் தெற்கே சிறிது தூரத்தில் கடலூர் மாவட்டம் வந்துவிடும். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அவை படிப்புக்காக வந்தவை, ஒலிப்பதிவுக்காக அல்ல. ஆனாலும் வீட்டில் முதல் கணினி வந்த பல மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் கையருகே வந்தது. ஸ்டுடியோ வாடகை கொடுக்க முடியாத ஒரு பறை இசைக் குழுவுக்கு இதன் அருமை தெரியும்.

இன்று வாங்குபவருக்கு வரலாறு சொல்லும் பாடம் எளிது. கடையிலேயே பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, 128 துணுக்குக் கட்டில், வைஃபை ஓடும்போது அரை மணி நேரம் சோதித்துப் பாருங்கள். தனி டிரைவர் தேவைப்படாத யூஎஸ்பி ஒலிக்கருவியைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்ரன் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றால், அந்தக் கணினியை நம்பி வாசிக்கலாம்!