மின்னணு மூக்கும் நம் ஊர் மூச்சும்

நோயாளியின் அருகே அமர்ந்த மருத்துவர் தம் மூக்கையும் ஒரு கருவியாகக் கொண்டது மிகப் பழைய வழக்கம். நீரிழிவு முற்றியவரின் மூச்சில் அளவுக்கு மீறிக் கனிந்த பழத்தின் நெடி எழும். சிறுநீரகம் செயலிழந்தவரின் மூச்சில் அமோனிய நெடி கலக்கும். ஈரல் கெட்டவரிடம் வேறொரு வாடை வீசும். நம் சித்த மருத்துவர் வகுத்த எண்வகைத் தேர்வில் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எட்டும் உண்டு. மூச்சின் மணம் தனித்தேர்வாக அங்கே இல்லை. ஆயினும் மூத்திரத்தைச் சோதிக்கையில் நிறம், எடை, நுரை, எஞ்சல் ஆகியவற்றோடு மணத்தையும் அவர்கள் பார்த்தனர். ஆகவே, மூக்கை மறந்த மருத்துவம் நம்முடையது அன்று.

மூக்கு அறிந்ததை எண்ணாக மாற்றும் முயற்சி பிற்காலத்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர், மூச்சு விடுதலும் ஒருவகை மெதுவான எரிதலே என்று விளக்கினார். 1954இல் அமெரிக்காவின் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் மூச்சிலிருந்து மதுவின் அளவைக் கணிக்கும் கருவியை உருவாக்கினார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இரவு நேரத்தில் காவலர் வண்டியை மறித்து ஊதச் சொல்லும் சிறு கருவியும் அந்த வழியில் வந்ததே. ஆனால் அது மது என்னும் ஒரே பொருளைத்தான் தேடுகிறது. மனித மூச்சிலோ பொருள்கள் ஏராளம். 1971இல் லைனஸ் பாலிங்கும் அவர்தம் குழுவினரும் மூச்சைக் குளிரவைத்துப் பிடித்து ஆராய்ந்தபோது, அதில் ஏறத்தாழ 250 பொருள்களின் தடயங்களைக் கண்டனர்.

இத்தனையையும் ஒவ்வொன்றாகப் பிரித்தறியப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும். நம் மூக்கு அப்படிச் செய்வதில்லை. அடுக்களையிலிருந்து மணம் வந்தால் மிளகு, சீரகம், பூண்டு என்று நாம் கணக்கெடுப்பதில்லை. 'ரசம் கொதிக்கிறது' என்று ஒரே சொல்லில் அறிந்துகொள்கிறோம். இந்த நுட்பத்தைக் கருவியில் கொண்டுவந்தவர்கள் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிருஷ்ணா பெர்சாட், ஜார்ஜ் டாட் என்னும் இருவர். எரிவாயுக் கசிவை அறிவதற்காக ஜப்பானில் 1960களில் உருவான வெள்ளீய ஆக்சைடு உணரிகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். சூடேற்றப்பட்ட அந்த ஆக்சைடின் மீது வாயு படும்போது அதன் மின்தடை மாறும். ஓர் உணரி பல வாயுக்களுக்கும் இணங்கும். ஆகவே தனித்து நின்று எதையும் உறுதியாகச் சொல்லாது. பலவற்றை ஒருங்கே வைத்தால், ஒவ்வொன்றும் எவ்வளவு மாறியது என்பதிலிருந்து ஒரு கோலம் கிடைக்கும். அந்தக் கோலமே மணத்தின் கைரேகை. 1982இல் 'நேச்சர்' இதழில் அவர்கள் இதனை வெளியிட்டனர்.

அதற்குச் சரியாக 100 ஆண்டுகளுக்கு முன், 1882 மார்ச் 24 அன்று, பெர்லினில் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். இவ்விரண்டையும் சேர்த்து நினைப்பதற்குக் காரணம் உண்டு. காக் காலம் தொட்டு, நுரையீரல் காசநோயை உறுதிசெய்ய நோயாளி இருமிச் சளி கொடுத்தாக வேண்டும். அது எளிதன்று. குழந்தைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவர். மெலிந்து தளர்ந்தவருக்கு இருமவும் வலு இராது. திருமணத்திற்குப் பெண் இருக்கும் வீட்டில், சளிக் குப்பியோடு அரசு மருத்துவமனை வாசலில் நிற்பதைத் தெருவார் கண்டால் என்ன ஆகும் என்ற அச்சமும் உண்டு. நோயாளரைச் சந்திக்கச் செல்லும் எம்மைப் போன்றோர் இந்த அச்சத்தை நன்கறிவோம். அது இருமலைவிடக் கொடியது. ஒரு குழலில் ஊதினால் போதும் என்னும் நிலை வருமானால், அது வெறும் வசதியன்று. பல வீடுகளில் உயிர்காக்கும் செயலாகும்.

ஆகவேதான் மின்னணு மூக்கைக் காசநோயின் பக்கம் திருப்பப் பலரும் முயன்றனர். வங்காளதேசத்திலும் இந்தோனேசியாவிலும் ஆய்வுகள் நடந்தன. நம் நாட்டில், டெல்லியிலுள்ள பன்னாட்டு மரபணுப் பொறியியல் மற்றும் உயிர்த்தொழில்நுட்ப மையத்தினர், கலிபோர்னியா நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து இத்தகைய மூக்கை உருவாக்க 2011இல் 9,50,000 டாலர் நிதி பெற்றனர். தான்சானியாவில் இயந்திரமே இல்லாமல், பழக்கப்பட்ட பெரும் பை எலிகள் சளி மாதிரிகளை மோந்து நோயைக் காட்டுகின்றன. அந்த எலிகள் முதலில் கண்ணிவெடிகளை மோப்பம் பிடிக்கப் பழக்கப்பட்டவை என்பது சுவையான செய்தி.

எனினும் மின்னணு மூக்கு இன்றளவும் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களின் மேசைக்கு வந்து சேரவில்லை. காரணத்தை ஒரு சிறு கணக்கால் காணலாம். சளியின்றி நடத்தும் முதற்கட்டச் சோதனை ஒன்று, நோயுள்ள 100 பேரில் 90 பேரையேனும் பிடிக்க வேண்டும், நோயற்ற 100 பேரில் 70 பேரையேனும் விடுவிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் அளவு வகுத்தது. ஓர் ஊரில் 1,000 பேர் ஊதுகின்றனர், அவர்களில் 10 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவை எட்டிய கருவியே 9 பேரைப் பிடித்து ஒருவரைத் தவறவிடும். நோயற்ற 990 பேரில் 297 பேரை வீணாக ஐயுறும். அவர்கள் அனைவரும் மீண்டும் சளி கொடுத்தாக வேண்டும். ஆக, கருவி வாயிற்காவலனேயன்றித் தீர்ப்பளிக்கும் நீதிபதி ஆகாது.

இதைவிட ஆழமான தடை ஒன்று உண்டு. அதை உணர நம் பகுதியின் வரலாறே துணைசெய்யும். ஆவடியும் பூந்தமல்லியும் இன்று அடங்கியுள்ள திருவள்ளூர் மாவட்டம், 1997க்கு முன் செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அம்மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில், 1968 முதல் 1971 வரை உலகின் மாபெரும் தடுப்பூசி ஆய்வுகளுள் ஒன்று தொடங்கப்பெற்றது. பிறந்து ஒரு மாதம் கடந்த எல்லா வயதினரும் பதிவுசெய்யப்பட்டனர். 2,80,000க்கும் மேற்பட்டோருக்கு பி.சி.ஜி. ஊசியோ, மருந்தில்லாப் போலி ஊசியோ குலுக்கல் முறையில் போடப்பட்டது. இங்கிலாந்தின் பள்ளி மாணவரிடையே நடந்த ஆய்வில் இதே தடுப்பூசி நான்கில் மூன்று பங்குக்கு மேல் பாதுகாப்புத் தந்திருந்தது. இங்கும் அப்படியே ஆகும் என்று எதிர்பார்த்தனர். 1979இல் முடிவு வெளிவந்தபோது உலகமே திகைத்தது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அது இங்கே பயன் தரவில்லை! 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த பின்னரும் அதே முடிவுதான். நம் மண்ணிலும் நீரிலும் வாழும் வேறு மைக்கோபாக்டீரியங்களோடு மக்களின் உடல் முன்னரே பழகியிருந்தது ஒரு காரணமாகலாம் என்று அறிஞர் கருதினர். (பச்சிளங்குழந்தைகளை மூளைக் காசநோய் முதலிய கொடிய வகைகளிலிருந்து இவ்வூசி காக்கிறது; ஆகவே பிறந்த குழந்தைக்கு அதைப் போடத் தவறலாகாது.)

ஓரிடத்தில் மெய்யானது மற்றோரிடத்தில் மெய்யாகாமற் போகலாம் என்பதை, நம் வயல்வெளி மக்கள் தம் கைகளை நீட்டி உலகுக்குக் காட்டினர். தடுப்பூசிக்கே இப்படியென்றால், காற்றை மோந்து அறியும் கருவியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? 1960கள் தொட்டு அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. வண்ணப்பூச்சின் கரைப்பான் ஆவியும் வார்ப்பட உலையின் புகையும் தொழிலாளியின் மூச்சோடு வீடுவரை வருகின்றன. பீடி, வெற்றிலை, விறகடுப்பு ஆகியவற்றின் நெடிகளும் உண்டு. வெள்ளீய ஆக்சைடு உணரி இவற்றையெல்லாம் பாகுபாடின்றி ஏற்கும். கடற்காற்றின் ஈரம் அதன் அளவைப் புரட்டும்; நாளடைவில் உணரியும் தளரும். மேலும், நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு மிகுதி. நீரிழிவோ தனக்கெனத் தனி மணத்தை மூச்சில் ஏற்றுகிறது. இரண்டும் உடையவர் ஊதினால் அந்தக் கோலம் எதைக் காட்டும்? ஐரோப்பியரின் மூச்சைக் கொண்டு பயிற்றுவித்த கருவி அதற்கு விடை சொல்லாது. அம்பத்தூர்க் கடைசல் பட்டறைத் தொழிலாளியின் மூச்சும், திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கற்சூளைப் பெண்ணின் மூச்சும் பயிற்சியில் இடம்பெற்றாக வேண்டும். அம்மக்களின் ஒப்புதலோடும், ஆய்வின் பயன் அவர்களுக்கே திரும்பும் உறுதியோடும் அது நடத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

இதற்கிடையில், மூச்சைக் கவனிக்கும் எளிய முறையொன்று நம் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்துவிட்டது. 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தின்படி, நோய் கண்டறியப்பட்ட ஒவ்வொருவருக்கும் உயரத்திற்கேற்ற எடை உள்ளதா, காலில் வீக்கம் உண்டா, பிடிமானமின்றி எழுந்து நிற்க இயலுமா என்று பணியாளர் பார்க்கின்றனர். விரலில் சிறு கருவியை மாட்டிக் குருதியின் ஆக்சிஜனை அளக்கின்றனர். பின், கடிகாரத்தை நோக்கியபடி, ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்று எண்ணுகின்றனர். 24ஐத் தாண்டினால் அந்நோயாளி மருத்துவமனைச் சேர்க்கைக்காக உடனே அனுப்பப்படுகிறார்.